குழம்பு டப்பாவில் ஒரு வெள்ளை வளையம்

எதிர் வீட்டுப் பெண் சென்ற வாரம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கையுமாக வந்து நின்றாள். "மாமி, எத்தனை தேய்த்தாலும் இது போகமாட்டேன் என்கிறது. சோப்பு, எலுமிச்சம்பழம், வெயில் எல்லாம் காட்டியாகிவிட்டது" என்று அலுத்துக்கொண்டாள்.

டப்பாவின் உள்ளே ஒரே மஞ்சள். அது சாம்பாரின் கைங்கரியம், போகட்டும். ஆனால் பாதி உயரத்தில், சுற்றிலும் ஒரு வெள்ளை வளையம். விரலால் தடவினேன், உப்புக் காகிதம் மாதிரி சொரசொரவென்றிருந்தது.

"தேய்த்தால் எப்படியம்மா போகும்? அந்த இடத்தில் பிளாஸ்டிக்கே அரித்துப் போயிருக்கிறதே!" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம், எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது வத்தக்குழம்போ எண்ணெய்க் கத்தரிக்காயோ மைக்ரோவேவ் அடுப்பில் சுட வைத்த டப்பாவாகத்தான் இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தை அதில் வைத்தால் பொறி பறக்கும் என்று கடைக்காரர் பயமுறுத்தி அனுப்பினார் அல்லவா? அன்றைக்குப் பிளாஸ்டிக்குக்குத் தாவியவர்கள்தான் நம்மில் பலர்.

இந்த அடுப்பு வந்த கதை வேடிக்கையானது. 1945-ல் அமெரிக்காவில், ரேய்தியான் என்ற கம்பெனியில் ராடார் கருவிகளோடு மல்லாடிக்கொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர் என்பவரின் சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகி வழிந்ததாம். 1947-ல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், 340 கிலோ கனம்! நம் சமையலறையில் அதை வைத்தால் நாம் வெளியே நிற்க வேண்டியதுதான்.

உள்ளே நெருப்பு கிடையாது. ரேடியோ அலைக்குத் தங்கை முறையான ஒரு அலை, சுமார் 12 சென்டிமீட்டர் நீளமுள்ளது, உணவுக்குள் பாய்கிறது. விநாடிக்கு 245 கோடி தடவை அது முன்னும் பின்னும் மாறுகிறது. உணவிலுள்ள தண்ணீரின் நுண்துகள்கள் அதன் போக்குக்குத் தாமும் திரும்பப் பார்த்து, ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவர்களுக்கு அந்தப் புழுக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். விசையை அணைத்ததும் விளக்கு வெளிச்சம் போவதுபோல அலையும் போய்விடும். சாதத்தில் 'கதிர்' தங்கிவிடும் என்று பயப்படும் பாட்டிகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, டப்பாவுக்கு வருவோம். கண்ணாடி வழியே வெளிச்சம் போவதுபோல, பிளாஸ்டிக்கின் வழியே அலை ஊடுருவிப் போய்விடுகிறது. டப்பா தானாகச் சுடுவதில்லை. உள்ளே இருக்கும் பண்டம்தான் அதைச் சுடுகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், அதற்குமேல் ஏறாது. எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட நல்ல டப்பா கூட 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். குழம்பின் மேலே எண்ணெய் மிதக்கிற இடம் எதுவோ, அங்கேதான் அந்த வளையம்!

"மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதே, மாமி?" என்றாள் அவள்.

போட்டிருக்கிறதுதான். டப்பா நெளியாது, உருகாது என்று அதற்கு அர்த்தம். அதிலிருந்து துளிகூட உணவில் இறங்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் 2023-ல் குழந்தை உணவு டப்பாக்களை மூன்று நிமிஷம் சுட வைத்துப் பார்த்தார்கள். சில டப்பாக்களில், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து 42 லட்சம் பிளாஸ்டிக் துணுக்குகளும், அதைவிட நுணுக்கமானவை 200 கோடிக்கு மேலும் உதிர்ந்தனவாம்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "இதில்தானே குழந்தைக்குப் பருப்பு சாதம் சுட வைக்கிறேன், தினமும்!" நெய் விட்டுப் பிசைந்த பருப்பு சாதம். பத்து மாதக் குழந்தை.

அழாக்குறையாக நின்றவளைச் சமாதானப்படுத்தி, என் பீங்கான் கிண்ணம் ஒன்றைக் கொடுத்தேன். கண்ணாடியானால் சூடு தாங்கும் கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள். மேலே பிளாஸ்டிக் மூடி வேண்டாம்; ஆவி பட்டு அது சாதத்திலேயே சொட்டும். ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்தால் போதும். அலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழந்தான் நன்றாக எட்டும். ஓரிடம் கொதிக்கும், பக்கத்திலேயே ஜில்லென்றிருக்கும். ஆகையால் நன்றாகக் கிளறி, ஒரு நிமிஷம் பொறுத்து, நீங்கள் ருசி பார்த்தபிறகுதான் குழந்தைக்கு. பால் புட்டியை மட்டும் அதில் வைக்கவே வைக்காதீர்கள். வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே பால் நாக்கைப் பொசுக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்க வைத்தாலே ஆயிற்று.

பீங்கான் என்று நினைத்து மெலமைன் தட்டை வைத்துவிடாதீர்கள். பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை. ஆனால் மெலமைன் அலையைத் தானே உறிஞ்சிச் சுடும், உணவிலும் இறங்கும். தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா எல்லாம் குளிர்ச்சிக்கென்றே செய்தவை. அவற்றுக்கு அடுப்பு வாசனையே ஆகாது.

எதிர் வீட்டு டப்பாவை என்ன செய்தாள் என்கிறீர்களா? பித்தான், ஊசி, நூல் எல்லாம் இப்போது அதில்தான். மூடி மட்டும் என்ன அழுத்தமாக மூடுகிறது தெரியுமா!