துப்பாக்கி தானாக வெடிக்குமா?

பம்மலிலிருந்து நமது நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கல்லூரியில் வாசிக்கும் அவருடைய பேரன் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, முகாமில் ரைபிள் சுடக் கற்று வந்திருக்கிறானாம். வந்தவன் சும்மா இராமல், பெரிய தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைக்கவேண்டும் என்று பிடிவாதம் செய்கிறானாம். லைசென்ஸ் வைத்திருந்த தமையனார் காலமாகி மூன்று வருஷங்கள் ஆகின்றன. “தோட்டாக்கள் தனியே டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். ஆகையால் பயம் ஒன்றுமில்லையே?” என்று நேயர் நம்மைக் கேட்கிறார். “என்று நினைக்கிறேன்” என்னும் அந்த இரண்டு சொற்களே இதனை எழுதும்படி நம்மைத் தூண்டின.

பம்மல்வாசிகளுக்குத் துப்பாக்கி புதிய வஸ்துவன்று. வடக்கே பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. தெற்கே சென்றால் ஒத்திவாக்கத்தில் போலீஸாரின் சுடுதளமும், சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த அனுமந்தபுரத்தில் ராணுவத்தாரின் சுடுதளமும் இருக்கின்றன. சில மைல் தூரத்திலுள்ள ராமாவரம் தோட்டத்தில்தான் 1967-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். துப்பாக்கி என்றால் இப்பக்கத்து ஜனங்கள் உடனே அதைத்தான் பேசுவார்கள். அது கோபத்தின் கதை; செங்கற்பட்டு கோர்ட்டில் விசாரிக்கப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்ட விஷயம். நாம் இன்று எழுதப் புகுந்தது கோபமோ விரோதமோ இல்லாமல் உயிர் போகும் சம்பவங்களைப் பற்றி. அவற்றிற்குத் தண்டனை விதிக்கப்படுவதும் அபூர்வம். அவற்றை ஊர் நினைவில் வைத்திருப்பதும் அபூர்வம்.

2021-ம் வருஷம் டிஸம்பர் 30-ந் தேதி புதுக்கோட்டை ஜில்லா நார்த்தாமலையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். பசுமலைப்பட்டிச் சுடுதளத்தில் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், தன் தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுடைய தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்தும் பயனில்லாமல், 2022 ஜனவரி 3-ந் தேதி அவன் இறந்தான். ராஜ்ய சர்க்கார் பத்து லட்ச ரூபாய் அளித்தது, தளத்தில் சுடுவது நிறுத்தப்பட்டது, விசாரணைக்கும் உத்தரவாயிற்று.

சுட்டவர்கள் யார்? நேற்றுத் துப்பாக்கி பிடித்த விளையாட்டுப் பிள்ளைகள் அல்லர். சீருடையணிந்து, சம்பளம் பெற்று, ஆசிரியர் மேற்பார்வையில், அதற்கென்றே ஏற்பட்ட தளத்தில் சுட்டவர்கள். அவர்களுக்கு அச்சிறுவனிடம் என்ன பகை இருக்கக்கூடும்? அவன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் குன்றைத் தாண்டினால் கிராமம் இருக்கிறது என்பது தெரியாதா? ரைபிள் குண்டு இலக்கோடு நின்றுவிடுவதில்லை. தடுப்பதற்கு மண்மேடோ சுவரோ இல்லாவிட்டால் இரண்டு மைல் போகும். மாணவர் படைப் பிள்ளைகள் ‘சின்னத் துப்பாக்கி’ என்று சொல்லிச் சுடுகிற .22 ரவைகூட ஒரு மைலுக்கு மேல் போக வல்லது. கல்லிலோ இரும்பிலோ பட்டால் எத்திசையில் திரும்பும் என்று சுட்டவனே சொல்ல முடியாது. இவையெல்லாம் ஆசிரியர்கள் முதல்நாள் பாடத்தில் சொல்லிக்கொடுப்பவை. சொல்லிக்கொடுத்தவரே அதை மறந்தால் அதற்குப் பெயர் விபத்தா?

இங்கே நமது தொழிலைச் சேர்ந்தவர்கள்மீதும் ஒரு குற்றம் சாட்டவேண்டியிருக்கிறது. நமது பத்திரிகையும் அதற்கு விலக்கன்று. காவல் நிற்பவர் துப்பாக்கியைத் துடைக்கும்போது ஒரு குண்டு புறப்பட்டு ஒருவர் மாண்டால், ‘துப்பாக்கி தவறுதலாக வெடித்தது’ என்று எழுதுகிறோம். மலைக்காட்டில் காட்டுப்பன்றி என்று எண்ணித் தோழனையே ஒருவன் சுட்டுவிட்டால், ‘நாட்டுத் துப்பாக்கி வெடித்து ஒருவர் பலி’ என்று தலைப்பிடுகிறோம். இவ்வாக்கியங்களில் எழுவாய் துப்பாக்கி. தவறியதும் துப்பாக்கி, வெடித்ததும் துப்பாக்கி! விசையில் விரல் வைத்த மனிதன் வாக்கியத்தைவிட்டே ஓடிப்போய்விடுகிறான். சற்றுமுன் நாமே ‘தலையில் குண்டு பாய்ந்தது’ என்று எழுதியதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். கை அப்படிப் பழகிவிட்டது. நல்ல நிலையிலுள்ள துப்பாக்கி, விசையை இழுத்தாலன்றிப் பெரும்பாலும் வெடிப்பதில்லை. பழுதுபட்டதாயிருந்தால், பழுதுபட்டதில் தோட்டாவைப் போட்டவன் ஒருவன் இருக்கவேண்டும். ஆகவே ‘சுட்டார்’ என்று எழுதுவதே உண்மை. வேண்டுமென்று சுட்டாரா, அஜாக்கிரதையினால் சுட்டாரா என்பது கோர்ட்டார் தீர்மானிக்கவேண்டிய சங்கதி.

இந்த நோய் நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. பம்மல் என்றதும் நாடக மேடையும், வக்கீலாயிருந்து நீதிபதியான சம்பந்த முதலியாரும் நினைவுக்கு வருவது தமிழர் இயல்பு. ஆதலால் நடிகர் கையிலிருந்த துப்பாக்கி ஒன்றின் சங்கதியைச் சொல்லுவோம். 2021 அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவில் ‘ரஸ்ட்’ என்ற சினிமாப் படம் பிடிக்கும் ஒத்திகையில், நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த ரிவால்வரிலிருந்து உண்மைக் குண்டு புறப்பட்டு, ஒளிப்பதிவாளராகிய ஹலினா ஹட்சின்ஸ் என்னும் அம்மையாரைக் கொன்றது. துப்பாக்கியில் உயிர்க் குண்டு இல்லை என்று நடிகரிடம் சொல்லிக் கொடுத்தார்களாம். தாம் விசையை இழுக்கவேயில்லை என்பது அவருடைய வாதம். ஆயுதங்களுக்குப் பொறுப்பாயிருந்த பெண்மணிக்கு 2024-ல் பதினெட்டு மாதச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. நடிகர்மீதிருந்த வழக்கோ, பிராசிக்யூஷன் தரப்பார் சாக்ஷியத்தை மறைத்தார்கள் என்ற காரணத்தால் அதே வருஷம் ஜூலையில் தள்ளுபடியாயிற்று. வழக்கு எப்படியானாலும், ஒருவர் ‘காலி’ என்று சொன்னதை மற்றவர் நம்பினார், தாமே திறந்து பார்த்தவர் இல்லை என்பது மட்டும் மிஞ்சுகிறது.

போதிப்பவர்களின் கதை இதனினும் விசித்திரமானது. 2004-ல் பிளாரிடா மாகாணத்து ஆர்லாண்டோ நகரில், போதைப் பொருள் தடுப்பு இலாகா அதிகாரி ஒருவர் குழந்தைகளைக் கூட்டிவைத்துத் துப்பாக்கி ஜாக்கிரதையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இவ்வறையில் இதைக் கையாளத் தகுந்தவன் தாம் ஒருவரே என்று சொல்லி வாய்மூடுவதற்குள் தம் காலிலேயே சுட்டுக்கொண்டார். படம் உலகமெங்கும் பரவிற்று. பிறகு அவர் செய்ததென்ன? அப்படத்தை வெளியிட்டுத் தம்மை அவமானப்படுத்தியதாகச் சர்க்கார்மீது வழக்குத் தொடுத்தார். 2012-ல் அப்பீலிலும் தோற்றார். குழந்தைகள் பிழைத்தது தெய்வாதீனம். பத்து வருஷத்துக்குப் பின், 2014 ஆகஸ்டில், அரிஸோனாவில் ஓர் ஆசிரியர் ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்து அருகில் நின்றார். அதன் உதைப்பை அச்சிறுமியால் தாங்க முடியவில்லை, குழல் மேலெழும்பித் திரும்பிற்று, ஆசிரியர் மாண்டார். அச்சிறுமியைக் குறை கூறுவார் யார்? எவ்வாயுதத்தை யாரிடம் கொடுக்கலாம் என்று தீர்மானித்தவர் ஆசிரியர். அதற்கு விலையும் அவரே கொடுத்தார்.

அதே அரிஸோனாவில்தான் ஜெப் கூப்பர் என்ற முன்னாள் மரீன் படை வீரர் 1976-ல் சுடும் பள்ளி ஒன்றை நிறுவினார். அவர் வகுத்த விதிகளை இன்று உலகமெங்கும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே பாவிக்கவேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல் வாயைத் திருப்பலாகாது. குறி பார்த்துச் சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கவேண்டும். இலக்கு எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று தெரிந்த பிறகே சுடவேண்டும். நார்த்தாமலையில் கைவிடப்பட்டது கடைசி விதி. பம்மல் நேயர் வீட்டில் அபாயத்திலிருப்பது முதல் விதி.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். அஜாக்கிரதையாகத் துப்பாக்கியைப் பிரயோகித்துப் பிறர் உயிருக்கு அபாயம் விளைவிப்பவனுக்கு, யாருக்கும் காயம் படாவிட்டாலும், இரண்டு வருஷம்வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுடுவதும் இதில் அடங்கும். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் பழைய பீனல் கோடில் இரண்டு வருஷமே உச்சம். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய சட்டத்தின் 106-வது பிரிவில் அது ஐந்து வருஷமாயிற்று. லைசென்ஸ் கேட்பவர் ஆயுதத்தைக் கையாளவும் பத்திரப்படுத்தவும் பயிற்சி பெறவேண்டும் என்று 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள் கூறுகின்றன. நல்ல விதிதான். ஆனால் பயிற்சி முடிந்ததற்கு அடையாளம் ஒரு காகிதம். நமது தேசத்தில் காகிதம் சம்பாதிப்பது எவ்வளவு சுலபம் என்பதை வக்கீல் தொழிலிலிருந்த நாம் சொல்லவேண்டியதில்லை. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி, மனுதாரர் கையில் காலித் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து, அவர் முதற்காரியமாக என்ன செய்கிறார் என்று பார்க்கட்டும். குழலைத் தரையை நோக்கித் திருப்பித் திறந்து பாராதவருக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்லட்டும். இதற்குப் புதிய சட்டம் ஒன்றும் வேண்டாம்.

துப்பாக்கியே கூடாது என்பது நமது கக்ஷியன்று. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், வெள்ளையருக்கு விலக்களித்து இந்தியர் கையை வெறுங்கையாக்கியது. அந்த அவமானத்தைத் தேசபக்தர்கள் பல்லாண்டு கண்டித்தனர். 1931-ல் கராச்சிக் காங்கிரஸ், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை ஒவ்வொரு பிரஜைக்கும் உரியதாகப் பிரகடனம் செய்தது. 1948 டிஸம்பரில் அதை அரசியல் சட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் காமத் கோரியபோது டாக்டர் அம்பேத்கர் இணங்கவில்லை. தனி மனிதனுடைய ஆயுத உரிமையை அன்று, நாட்டைக் காக்க ஆயுதமேந்தும் கடமையையே வற்புறுத்தவேண்டும் என்ற கருத்தில் அவர் பதிலளித்தார். சபையும் கோரிக்கையை ஏற்கவில்லை. உரிமை கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று லைசென்ஸ்தாரர்கள். உரிமையில் பாதியே அவர்களுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், கடமை முழுவதும் அவர்களைச் சேர்ந்ததே.

சுடுதளங்களின் விஷயத்தில் சர்க்காரை ஒன்று கேட்கிறோம். தளங்கள் ஏற்பட்ட காலத்தில் சுற்றிலும் பொட்டலும் குன்றுமாக இருந்திருக்கலாம். இன்று தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டு வரையில் வீடில்லாத இடம் எங்கே? ஒவ்வொரு தளத்திலும் குண்டு தாங்கும் மேட்டின் உயரத்தையும், அதற்கு அப்பால் முளைத்த குடியிருப்புகளையும் வருஷந்தோறும் அளந்து, அவ்வளவையும் ஜனங்கள் பார்க்கும்படி வெளியிடவேண்டும். சுடும் நாளில் செங்கொடி ஏற்றினால் போதாது. பொறுப்பேற்ற ஆசிரியரின் பெயரும் ஊர்ச் சாவடியில் ஒட்டப்படவேண்டும். பெயர் ஒட்டப்பட்டவர் மேட்டை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பார்.

பம்மல் நேயருக்கு நமது பதில் இது. ஐயா, பயம் உண்டு. தமையனார் காலமானதும் அந்த லைசென்ஸும் முடிந்தது. ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி, தாமதமின்றி அத்துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்திருக்கவேண்டும். வாரிசு என்ற முறையில் தங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்பது பிறகு செய்யவேண்டிய காரியம். ஆனால் மூன்று வருஷம் தாமதித்துவிட்டீர்கள் என்பதற்காக இன்று அதைத் துணியில் சுற்றிக்கொண்டு தெருவில் நடக்கவேண்டாம். பேரனை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லுங்கள். பரணிலிருப்பது பரணிலேயே இருக்கட்டும். அதில் தோட்டா இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். டிரங்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தங்கள் மடியில் வைத்துக்கொண்டு, சங்கர் நகர் ஸ்டேஷனுக்கு இன்றே தகவல் கொடுங்கள். வந்து எடுப்பவர் குழலைத் திறந்து பார்க்கிறாரா என்பதைப் பேரன் தள்ளி நின்று கவனிக்கட்டும்.