ஜெனிஸிஸ் விலைபோயிற்றா?

1975-ல் பீட்டர் கேப்ரியல் விலகி, டிரம்ஸ் வாசித்துவந்த பில் காலின்ஸ் பாடகர் ஸ்தானத்தில் அமர்ந்ததுமே ஜெனிஸிஸ் குழுவின் கலை மாண்டு வியாபாரம் பிறந்துவிட்டதென்று நண்பர் தீர்ப்பெழுதியிருப்பது, கேட்பதற்குக் கதைபோல் ரசமாயிருக்கிறதேயன்றி, இசைத்தட்டுகளின் சாட்சியத்தோடு சற்றும் பொருந்தவில்லை.

நண்பர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் 1972-ஆம் வருஷத்து ‘சப்பர்ஸ் ரெடி’ என்னும் சுமார் 23 நிமிஷப் பாட்டில், ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில் நடக்கும் அந்த உக்கிரமான பகுதியைத் தாங்கி நின்ற கை யாருடையது? 1970 முதலே அங்கிருந்த அதே காலின்ஸுடையது. அவர் முதன்மைப் பாடகரான பின் 1976-ல் வெளியான ‘எ டிரிக் ஆஃப் தி டெயில்’ தொகுதியோ ஏழு எண்ணிக்கை நடையில்தான் தொடங்குகிறது. இது எந்தச் சந்தைக்காகச் செய்த சரக்கோ, எனக்கு விளங்கவில்லை.

சிறு பாட்டுகள் பெருகியது உண்மை; 1977-ல் கிதார்க்காரர் ஸ்டீவ் ஹாக்கெட்டும் விலகிய பிறகு அவை வேகமாகவே பெருகின, அவற்றுள் சில எனக்கும் சலிப்பூட்டுபவையே. ஆனால், 1974-லேயே பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஏறிய ‘ஐ நோ வாட் ஐ லைக்’ பாட்டைப் பாடியவர் கேப்ரியலே என்பதையும், வியாபாரத்தின் உச்சமென்று இகழப்படும் 1986-ஆம் வருஷத்து ‘இன்விசிபிள் டச்’ தொகுதிக்குள் பத்து நிமிஷத்துக்கு மேல் நீளும் ‘டாமினோ’ இருப்பதையும் நண்பர் சொல்லாமல் விட்டார். அந்தத் தட்டை ஒருமுறையேனும் முழுவதும் கேட்டுவிட்டு அவர் மறுபடி எழுதட்டும்.