தட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும்

உணவுக் கோளாறு என்று பேச்செடுத்தாலே ஒரு பதில் தயாராக இருக்கிறது: “சத்துணவைப் பற்றி ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ஏன் பட்டினி கிடக்கப்போகிறார்கள்?” ஆசிரியர்கள் சொல்கிறார்கள், சில டாக்டர்களும் சொல்கிறார்கள். நல்ல மனதோடு சொல்லப்படுவதால்தான் இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது.

அறியாமைதான் காரணம் என்பது முதல் பிழை. என் அக்கா மகளுக்கு வயது 17. தோசையை டிஷ்யூ பேப்பரில் ஒற்றி எடுத்து, அதில் பதிந்த எண்ணெயைப் பார்த்துவிட்டு, ஓரத்தை மட்டும் கிள்ளித் தின்பாள். சட்னி ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். டயட்டீஷியன் ஓர் அட்டவணை கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அதில் பென்சிலால் வட்டமிட்டாள், எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று. அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை ஒதுக்கும் நோய், வந்த பிள்ளைகளில் பலர் இப்படித்தான். வீட்டில் மற்ற எல்லாரையும்விட அவர்களுக்குக் கலோரிக் கணக்கு நன்றாகத் தெரியும்.

‘அப்படியென்றால் பிடிவாதம்’ என்பார்கள். அதற்குப் பதில் 1944-லேயே கிடைக்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், பட்டினி என்ன செய்யும் என்று பார்க்க, 36 ஆரோக்கியமான இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். போருக்குப் போக மனசாட்சி இடம் தராமல், இந்தச் சோதனைக்கு முன்வந்தவர்கள் அவர்கள். 24 வாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி. எடையில் சுமார் கால் பங்கு போயிற்று. அதோடு மனமும் மாறியது. சாப்பாட்டைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் தின்றார்கள், தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், மனம் சோர்ந்து ஒதுங்கினார்கள். சமையலில் நாட்டமே இல்லாதிருந்தவர்கள்கூட இப்படி ஆனார்கள். நாம் பிடிவாதம் என்று திட்டுவதில் பெரும்பகுதி பட்டினியே செய்யும் வேலை. அந்த நிலையில் இருக்கும் மூளையிடம் புரதத்தைப் பற்றிப் பாடம் நடத்தினால் எங்கே ஏறும்?

‘முன்கூட்டியே பள்ளியில் சொல்லிக்கொடுத்தால் தடுக்கலாம்’ என்பது அடுத்த வாதம். 1997-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 13, 14 வயதுப் பெண்களுக்கு உணவுக் கோளாறு பற்றி வகுப்பு நடத்தினார்கள். அறிவு கூடியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் உணவைக் கட்டுப்படுத்தும் பழக்கமும் முன்பிருந்ததைவிடக் கூடியிருந்தது! சிறிய ஆய்வுதான், ஆனாலும் நன்மையைவிடத் தீமை அதிகமோ என்று ஆய்வாளர்களே தலைப்பில் கேட்டார்கள். ‘நல்ல உணவு, கெட்ட உணவு’ என்று பட்டியல் போடச் சொல்லும் வகுப்பை நினைக்கும்போது எனக்கும் அதே பயம்தான்.

சிகிச்சையிலும் இதே கதை. மருத்துவமனையில் எடை தேறிய 33 அனோரெக்சியா நோயாளிகளை அமெரிக்காவில் ஓராண்டு கவனித்தார்கள். ஆய்வு 2003-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை, மறு பிரிவுக்கு ஊட்டச்சத்து ஆலோசனை மட்டும். ஆலோசனை பெற்றவர்களுக்கே நோய் அதிகமாகவும் சீக்கிரமாகவும் திரும்பியது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அனோரெக்சியாவுக்கு உணவு ஆலோசனையைத் தனியாகத் தராதீர்கள், கூட்டுச் சிகிச்சையின் ஒரு பகுதியாகத்தான் தர வேண்டும் என்கிறது.

டயட்டீஷியனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென்று வயிறு நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எதை, எவ்வளவு, எந்த வேகத்தில் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்த அறிவு போய்ச்சேர வேண்டிய இடம் வேறு, அவ்வளவுதான். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்பச் சிகிச்சையில், என்ன சாப்பிடுவது என்ற முடிவைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கிப் பெற்றோர் கையில் கொடுத்தார்கள். நோய் வந்து அதிக காலம் ஆகாத பருவ வயதினருக்கு அது நன்றாகவே பலித்தது.

அக்கா இப்போது கலோரி பேசுவதில்லை. நாலு மணி ஆனால் ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். சில நாள் மகள் சாப்பிட்டு முடிக்க ஐந்தரை ஆகிவிடுகிறது. அக்கா எழுந்திருப்பதில்லை.