திருகாணியின் அரைச் சுற்று

புனேயில் இருக்கும் என் அக்கா மகனுக்கு ஏர் ரைபிள்தான் உலகம். 10 மீட்டரில் குறி தவறாதவன். 50 மீட்டரில்தான் சிக்கல்: லேசான காற்றடித்தாலும் பெல்லட் விலகிவிடுகிறது. நண்பர்கள் பேச்சைக் கேட்டு ஸ்லக்குக்கு மாறினான். காகித இலக்கில் ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. "அழுத்தத்தைக் கூட்டினா சரியாயிடும், மாமா" என்றான். எனக்குச் சந்தேகம்.

பெல்லட் இறகுப்பந்து மாதிரி. ஒடுங்கிய இடுப்பும் விரிந்த பாவாடையும் கொண்டது. பாவாடையைக் காற்று பின்னுக்கு இழுப்பதால் தலை நேராகப் போகிறது. துப்பாக்கிக் குழல் சற்று முன்பின் இருந்தாலும் மெல்லிய பாவாடை விரிந்து ஈடுகொடுத்துவிடும். ஸ்லக் அப்படியல்ல. நிஜத் தோட்டாவைப் போன்ற கட்டியான ஈயம். காற்றை எளிதில் கிழித்துச் செல்லும். ஆனால் அதை நேராக வைத்திருப்பது சுழற்சி மட்டுமே. அந்தச் சுழற்சியைத் தருபவை குழலுக்குள் வெட்டப்பட்ட திருகு வரிகள். ஸ்லக் நீளமாக இருந்தால் வரிகள் இன்னும் நெருக்கமாகத் திருகியிருக்க வேண்டும்.

எனவே முதல் கேள்வி பொருத்தம். தயாரிப்பாளர்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பல விட்டங்களில் ஸ்லக் விற்பது இதற்காகத்தான். பெரிதானால் குழலில் இறுகும். சிறிதானால் ஆட்டம் காணும். ஒவ்வொரு அளவிலும் ஐந்து முறை சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பார்க்க வேண்டும். வேகமானியில் ஒவ்வொரு குண்டின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். அழுத்தத்தைத் தொடுவது பிறகுதான். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ 4.5 மி.மீ.க்கு மேல் குழல் விட்டமோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். 0.65 கிராம் ஸ்லக் நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போனால் 18.7 ஜூல். 250 மீட்டரானால் 20.3. அதாவது, திருகாணியை அரைச் சுற்று கூடுதலாகத் திருப்பியவர், தன்னை அறியாமலே உரிமம் இல்லாத ஆயுதத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடலாம். கடையில் வாங்கியபோது அது சட்டப்படி சரியாக இருந்தது என்பது அப்போது உதவாது.

இதையெல்லாம் சொன்னேன். முணுமுணுத்தபடி அழுத்தத்தைப் பழைய இடத்துக்கே இறக்கி, நான்கு அளவு ஸ்லக்குகளைச் சுட்டுப் பார்த்தான். மூன்றாவது அளவில் ஐந்து ஓட்டைகளும் தீப்பெட்டிக்குள் அடங்கின. வேகமானியில் 236.

"மெதுவாத்தான் போகுது மாமா" என்றான், இன்னும் குறையோடு. போகட்டும். போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதே!