ஏழாம் நாளோடு முடிந்துபோகும் கல்வி

குழந்தைநலச் செவிலியத் துறையின் முதுநிலை ஆய்வேடுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு முடிவுரை மனப்பாடமாகியிருக்கும். இம்மக்களிடம் விழிப்புணர்வு குறைவு, ஆகவே இவர்களுக்கு நலக்கல்வி தேவை என்பதே அது. ஊர் மாறும், நோய் மாறும், முடிவுரை மட்டும் மாறுவதில்லை. அந்த முடிவுரையை எதிர்த்தே இந்த நெடும்பதிவை எழுதுகிறேன்.

முறை நாம் அனைவரும் அறிந்ததுதான். அறுபது குழந்தைகளையோ அறுபது தாய்மாரையோ தேர்ந்தெடுக்கிறோம். வினாநிரல் கொடுத்து முன்தேர்வு நடத்துகிறோம். படவிளக்க அட்டைகளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுகிறோம். ஏழாம் நாள் அதே வினாநிரலுடன் சென்று பின்தேர்வு நடத்துகிறோம். மதிப்பெண் உயர்ந்திருக்கிறது, டி-சோதனையும் நமக்குச் சாதகமாகவே அமைகிறது, கற்பித்தல் பயனளித்தது என்று எழுதி முடிக்கிறோம். சென்ற வாரம் சொன்னதை இந்த வாரமும் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைத் தவிர இதில் நிறுவப்பட்டது என்ன? அக்குழந்தையின் சோகை குறைந்ததா? வயிற்றுப்புழு நீங்கியதா? எட்டாம் நாள் அங்கே நாம் இல்லை. ஆகவே நமக்குத் தெரியாது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் வித்துராவை எடுத்துக்கொள்வோம். நெடுமங்காடு வட்டத்தில் பொன்முடி மலையடிவாரத்தில் உள்ள ஊர். அரசு மருத்துவமனை உண்டு. 2008-இல் தொடங்கப்பட்ட ஐசர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகமும் இங்கேதான் இருக்கிறது. காட்டையொட்டிக் காணிக்காரர் குடியிருப்புகள் உள்ளன. மேலே போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தோட்டம் நலிந்து ஊதியம் நின்ற பின்னும் லயன்களைவிட்டுப் போக வழியற்ற தொழிலாளர் குடும்பங்கள் உள்ளன. காணிகளின் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கியது, ஆனால் இரண்டுமே அன்று. தோட்டத்து வீடுகள் பலவற்றில் தமிழே பேச்சு. நலக்கல்வித் தாளோ அச்சு மலையாளத்தில் வருகிறது. அதைப் படித்துத் தலையசைக்காத தாயைத்தான் நாம் விழிப்புணர்வு அற்றவள் என்று பதிவுசெய்கிறோம்.

இது கேரளம் ஆயிற்றே, அங்கே குழந்தைநலம் சிறந்திருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி ஆயிரம் பிறப்புக்குச் சிசு இறப்பு இந்தியாவில் 28, கேரளத்தில் 6. இது அரிய சாதனை. ஆனால் இறப்பை எண்ணும் கணக்கு, பிழைத்த குழந்தை எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட கேரளக் குழந்தைகளில் சோகை உள்ளோர் நான்காம் தேசியக் குடும்பநல ஆய்வில் 35.7 விழுக்காடு, ஐந்தாம் ஆய்வில் 39.4 விழுக்காடு. எழுத்தறிவில் முன்னிற்கும் மாநிலத்தில், விழிப்புணர்வு முகாம்களுக்குப் பஞ்சமே இல்லாத ஆண்டுகளில், சோகை குறையவில்லை, கூடியிருக்கிறது. விழிப்புணர்வுக் குறைவு என்ற விளக்கம் இந்த எண்ணுக்கு முன்னால் எப்படி நிற்கும்?

சோகையையே தொடர்வோம். 2018-இல் வந்த சோகையற்ற இந்தியா திட்டத்தின்படி ஐந்து முதல் ஒன்பது வயதுவரை இளஞ்சிவப்பு மாத்திரை, பத்து முதல் பத்தொன்பது வயதுவரை நீல மாத்திரை, வாரம் ஒன்று. வெறும் வயிற்றில் விழுங்கினால் சிலருக்குக் குமட்டும். மலம் கறுக்கும், குழந்தை அஞ்சும், அடுத்த வாரம் மாத்திரை சன்னலுக்கு வெளியே போகும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பது குறையும். தேயிலைத் தோட்டத்து வீட்டில் கட்டன்சாயா இல்லாத வேளை ஏது? வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடக்கும் பிள்ளைக்குக் கொக்கிப்புழு இருந்தால் கொடுத்த இரும்பும் குருதியோடு கசியும். இத்தனையையும் ஒரு குழந்தைக்குப் புரியவைக்க அரைமணி உரை போதாது. முதல் மாத்திரைக்கு மறுநாள் ஒருவர் வரவேண்டும். குமட்டியதா என்று கேட்கவேண்டும். அடுப்படிவரை சென்று பார்க்கவேண்டும். இப்பணிக்குப் பெயர்தான் செவிலியம். நலக்கல்வி அதன் பிற்சேர்க்கையன்று, அதன் உள்ளுறுப்பு.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே இது மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. நியூயார்க் பள்ளிகளில் மருத்துவர்கள் குழந்தைகளைப் பரிசோதித்து, சிரங்கும் கண்நோயும் கண்டால் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சிகிச்சை கிடைக்காது. பிள்ளை பள்ளிக்குத் திரும்பாது. 1902-இல் லில்லியன் வால்டின் முயற்சியால் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார். பள்ளியிலேயே மருந்திட்டார், மாலையில் வீடுகளுக்குச் சென்று தாய்மாருக்குச் செய்துகாட்டினார். பணி விரிவடைந்தது; ஓராண்டுக்குள் நோயால் விலக்கப்பட்டோர் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகியது.

இன்னும் அருகில் வங்கதேசம் இருக்கிறது. 1980-களில் பிராக் அமைப்பின் பெண் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, மூவிரல் உப்பும் ஒரு பிடி வெல்லமும் அளவு நீரும் கலந்து வயிற்றுப்போக்குக்குக் கரைசல் செய்யக் கற்பித்தார்கள். பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். இதில் கவனிக்கவேண்டியது ஊதிய முறை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, தாய் எவ்வளவு கற்றிருக்கிறாள் என்று சோதிப்பார். அதைப் பொறுத்தே கற்பித்தவருக்கு ஊதியம். தாய் கற்கவில்லையென்றால் குறை கற்பித்தவருடையது. நமது ஆய்வேடுகளில் குறை என்றும் தாயுடையதாகவே இருக்கிறது.

கற்பிக்கவேண்டிய செவிலியரின் நிலையையும் பேசியாக வேண்டும். மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 3,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது நெறி. மூவாயிரம் பேர் என்பது சமவெளியில் நான்கு தெருக்கள். மலையில் அட்டை கடிக்கும் பல கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. 1973-இல் கர்த்தார் சிங் குழு துணைச்செவிலியரைப் பல்நோக்குப் பணியாளராக்கப் பரிந்துரைத்தது. அதற்குப்பின் அவர் தலையில் சேர்ந்த பணிகளும் பதிவேடுகளும் கொஞ்சமல்ல. எழுதிமுடிக்கவே பொழுது சாயும்போது, குழந்தையின் அருகில் எப்போது உட்காருவது?

காணிகளை ஆய்வுலகம் அறியாமல் இல்லை. 1987-இல் அகத்தியமலைப் பயணத்தில் வழிகாட்டிகளாக வந்த காணிகள் களைப்புத் தீர உண்ட காய்தான் ஆரோக்கியப்பச்சை. அந்த அறிவைக் கொண்டு, வித்துராவை அடுத்த பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. பயன்பகிர்வுக்காக 1997-இல் காணிகளுக்கு ஓர் அறக்கட்டளை அமைந்தது. உலகெங்கும் அதுபற்றிக் கட்டுரைகள் எழுதப்பட்டன. காட்டு அறிவை நமக்குக் கற்பித்தவர்களின் பிள்ளைகளைப் பற்றி விழிப்புணர்வு இல்லாதோர் என்று எழுத நமக்குக் கூச்சமில்லையா?

இரண்டாண்டுப் படிப்பில் இதற்கெல்லாம் காலமெங்கே என்று நெறியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் காலமில்லாதது தனி மாணவருக்கு, துறைக்கு உண்டு. ஆண்டுதோறும் புதிய ஊர், புதிய தலைப்பு என்று அலையாமல், ஒரு துறை ஒரே குடியிருப்பைப் பத்தாண்டுகள் ஏற்கட்டும். இவ்வாண்டு மாணவி தொடங்கியதை அடுத்த ஆண்டு மாணவி அளக்கட்டும். பின்தேர்வு ஏழாம் நாளோடு நில்லாமல் ஆறாம் மாதமும் நடக்கட்டும்; வினாநிரலோடு ஹீமோகுளோபின் அளவும் பதிவாகட்டும். பாடம் அக்குடியிருப்புப் பெண்களுடன் அமர்ந்து அவர்கள் பேச்சிலேயே எழுதப்படட்டும். சுகாதாரச் செவிலியரின் கற்பிக்கும் நேரம் பணிநேரமாகக் கணக்கில் ஏறட்டும். அதற்கு ஈடாகச் சில பதிவேடுகள் குறையட்டும்.

அவ்வளவு முடியாதெனில், குறைந்தது ஒன்றைச் செய்யலாம். அடுத்த ஆய்வேட்டின் முடிவுரையில் விழிப்புணர்வுக் குறைவு என்று எழுதுமுன், எவர் மொழியில் கற்பித்தோம், எத்தனை முறை திரும்பிச் சென்றோம் என்ற இரு விவரங்களையும் அதே பக்கத்தில் எழுதுவோம். தேர்வுக்குழுவினர் முதலில் அவற்றைப் பற்றிக் கேட்கட்டும்.