செவிமடுக்காதோர் யார்?

மலையகத்தில் மண் சரியுந்தோறும் ஒரு குற்றச்சாட்டும் உடனெழுவது வழக்கமாகிவிட்டது. ‘எச்சரித்தோம், அவர்கள் கேட்கவில்லை’ என்பதே அது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்ட லயன்கள் மண்ணுள் புதையுண்டபோதும் இக்குரலே ஒலித்தது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது உண்மையே. அவ்வாறாயின் மக்கள் ஏன் அகலவில்லை? அறியாமை என்பர் சிலர். அலட்சியம் என்பர் வேறு சிலர். இரண்டும் ஆராயாது கூறும் விடைகள்.

அறிவுறுத்தல் பயன்தர வேண்டுமாயின் அது உரியவர்க்கு விளங்கும் மொழியில் அமைதல் வேண்டும். அதன்படி ஒழுக வழியும் இருத்தல் வேண்டும். 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் தனிச்சிங்களக் கடிதங்கள் தோட்டங்களை வந்தடைவது ஒழிந்தபாடில்லை.

மொழியினும் பெரிய தடை காணியின்மை. லயன் காம்பிரா தொழிலாளியின் உடைமையன்று. அது நிற்கும் நிலம் அரசுக்குரியது. 1992 முதல் அதனை நிருவகிப்பவை கம்பனிகள். அகன்று செல்ல ஓரடி நிலமும் அற்றவனை நோக்கிப் ‘போ’ என்றோர், எங்கே போவது என்பதற்கு விடை கூறினரா?

நுவரெலியா, அட்டன் மலைகளிலும் நிலை இதுவே. ஒரு நாளில் 150 மில்லிமீற்றர் மழை பெய்யின் வெளியேறுக என்பது இன்றைய விதி. வெளியேறுவோர் பாடசாலை மண்டபத்தில் தங்கி, மழை ஓய்ந்ததும் லயனுக்கே மீள்கின்றனரே எனச் சிலர் நகைப்பர். பிரட்டுக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை; பேர் இல்லையேல் அடுப்பில் உலையில்லை. மாட்டுக்குப் புல்லறுக்கவும் வேறு ஆளில்லை. திரும்புவோர் அபாயத்தை அறியாதவரல்லர், பசியையும் அறிந்தவர்.

மீரியபெத்தை மக்களுக்கெனப் பூனாகலையில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். உயிர்கள் பலியான பின்னரே அவை எழுந்தன. 2005இலேயே அவை எழுந்திருப்பின் அகல மறுத்திருப்போர் எவர்? இடம்பெயர்க்க வேண்டும் என்னும் அறிவுறுத்தல், காணியும் அதிகாரமும் உடையோர்க்கே முதற்கண் உரியது. அதனைச் செவிமடுக்காதோர் அவர்களே.

ஆகவே, அபாய லயன்களுக்கு எச்சரிக்கைப் பத்திரத்தோடு காணி உறுதியும் வழங்கப்படுக. அதன் பின்னரும் ஒருவர் அகல மறுப்பாராயின், அன்று அவரைக் குறைகூறலாம்.