செவிலியரின் கவலைக்கும் கேஸ் ஷீட்டில் இடம் வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

நோயாளியைப் பற்றி ஒரு செவிலியர் அறிந்துகொள்வதில் எதையெல்லாம் அறிவு என்று ஏற்பது? கருவி காட்டும் எண்ணை மட்டுமா? தொட்டுப் பார்த்து உணர்ந்தது, மூன்று நாளாகப் பக்கத்திலிருந்து கவனித்தது, வீட்டு நிலவரத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டது, இவையும் சேருமா? சென்னை கொரட்டூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் செவிலியர்கள் நாங்கள். எங்களில் சிலர் அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துச் சிறு கிளினிக்குகளிலும், சிலர் பாடி, முகப்பேர் தனியார் மருத்துவமனைகளிலும், சிலர் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேலை பார்க்கிறோம். பணி ஓய்வு பெற்றவர்களும் உண்டு. எல்லோரும் கூடிப் பேசி எடுத்த முடிவை இங்கே வெளிப்படையாக வைக்கிறோம்.

அவை எல்லாமே அறிவு என்பதே எங்கள் நிலைப்பாடு. பி.பி.க்கும் பல்ஸுக்கும் கேஸ் ஷீட்டில் இடம் இருப்பதுபோல், செவிலியரின் கணிப்புக்கும் ஓர் இடம் வேண்டும். அதை எழுதியபின் யாராவது வந்து நோயாளியைப் பார்த்தாக வேண்டும். அதே அழுத்தத்தோடு இன்னொன்றையும் சொல்கிறோம்: அந்தக் கணிப்பு சரிபார்க்கப்பட வேண்டும். அனுபவம் இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தச் செவிலியரின் சொல்லும் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

இது புதிய வாதம் அல்ல. அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பார்பரா கார்பர் 1978-இல் எழுதிய கட்டுரையில் செவிலியர் அறியும் வழிகளை நான்காகப் பிரித்தார். ஆய்வும் அளவீடும் தரும் அறிவியல் அறிவு ஒன்று. எது சரி, எது தகும் என்ற அறவழி அறிவு இன்னொன்று. தன்னையும் எதிரில் இருப்பவரையும் மனிதராக அறிவது மூன்றாவது. அந்த நேரத்துக்கு, அந்த ஆளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கண்டுகொள்ளும் கலை நான்காவது. நோயாளியும் செவிலியரும் வாழும் சமூகத்தையும் அதன் அதிகார உறவுகளையும் அறிவதை ஐந்தாவதாக ஜில் ஒயிட் 1995-இல் சேர்த்தார். இடையில், 1984-இல், பாட்ரிஷியா பென்னர் புதியவர் ஒருவர் கைதேர்ந்தவராக மாறும் படிகளை ஆராய்ந்து எழுதினார். கல்லூரியில் இவை தேர்வுக்குரிய தியரியாகப் படிக்கப்படுகின்றன. வார்டுக்குள் நுழைந்ததும் முதலாவதைத் தவிர மற்றவை மறக்கப்படுகின்றன. அந்த முதலாவதும் ஒழுங்காக நடக்கிறதா என்பதிலிருந்தே தொடங்குகிறோம்.

வைட்டல்ஸ் எழுதும் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூச்சு எண்ணிக்கை என்ற கட்டம் இருக்கும். நோயாளி அறியாதபடி மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் முழுதாக எண்ணி அதை நிரப்ப வேண்டும். ஒரு செவிலியரிடம் முப்பது கட்டில்களை ஒப்படைத்தால் அந்த ஒரு நிமிடம் கிடைக்காது. அப்போது கட்டில் தவறாமல் 20 என்று எழுதப்படும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம், 21-ஐத் தொட்டால் இரண்டு, 25 ஆனால் மூன்று. எல்லோருக்கும் 20 என்று எழுதிவிட்டால் அந்தப் பூஜ்யத்துக்குப் பொருளே இல்லை. கண் வைத்துப் பார்த்து எழுதாத எண்ணை எந்த அளவீட்டுத் தத்துவமும் அறிவு என்று ஏற்காது. ஆட்களைக் குறைத்துவிட்டுத் தாளை நிரப்பச் சொல்லும் நிர்வாகம் அறிவியலின் பெயரால் பேச முடியாது.

எண் நேர்மையாக எடுக்கப்பட்டாலும் அது எந்த உடலை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கினார்கள். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் கருவி நல்ல எண்ணைக் காட்டிய நிலை வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததைக் காட்டியது. விரலின் வழியே செல்லும் ஒளியைக் கொண்டு கணக்கிடும் கருவி அது. தோலின் நிறமி அந்த ஒளியைப் பாதிக்கிறது. எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் மாநிறமும் கருநிறமும் உடையவர்கள். எண் 95 என்று இருந்தாலும், நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்த்து, பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குகிறாரா என்று கவனிக்கும் செவிலியர் கூடுதல் அறிவியலைத்தான் செய்கிறார்.

படுக்கைப் புண் இதைவிட நெருக்கமான சான்று. முதல் நிலையின் அடையாளம், விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று புத்தகம் சொல்கிறது. கருத்த தோலில் அது வேறுவிதமாகத் தெரியலாம் என்று 2016-இல் திருத்தப்பட்ட அமெரிக்க வரையறை ஒப்புக்கொள்கிறது. வேறுவிதம் என்றால் எப்படி என்பது எங்கள் வார்டுகளில் மூத்த சிஸ்டர்களுக்குத் தெரியும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையுறை போடும் முன் புறங்கையை வால் எலும்பின் மேலும் பிறகு இடுப்பின் பக்கவாட்டிலும் வைத்துப் பார்ப்பார்கள். முதலில் சூடு கூடியிருக்கும். பக்கத்துச் சதையைவிட அந்த இடம் கெட்டிப்பட்டோ கொழகொழவென்றோ இருக்கும். நிறம் சற்றே ஊதாவாக, காயப்போட்ட நாவற்பழத்தோலின் மங்கலோடு தெரியும். "அங்கே கை வைக்காதேம்மா" என்று நோயாளி சொன்னால் அதுவும் கணக்கில் வரும். சிவப்புக்காகக் காத்திருப்பவர் தோல் உரிந்த பிறகுதான் கண்டுபிடிப்பார். இந்த அறிவு கையிலிருந்து கைக்கு மாறிவருகிறது. எங்கள் தோலின் படங்களோடு அது பாடநூலில் அச்சாக வேண்டும்.

இனி, கவலை. நள்ளிரவில் ஒரு செவிலியர் டியூட்டி டாக்டருக்குப் போன் செய்கிறார். "வைட்டல்ஸ் எப்படி?" என்று கேட்கிறார் டாக்டர். "எல்லாம் நார்மல்தான் சார். ஆனா பார்க்க நல்லா இல்ல." மறுமுனையில் எரிச்சல். அந்த "நல்லா இல்ல" என்பதற்குள் எவ்வளவு இருக்கிறது? மாலையில் தானாக எழுந்து உட்கார்ந்தவர் இப்போது திரும்பிப் படுக்கவும் மறுக்கிறார், மனைவியிடம் கேட்டதையே கேட்கிறார், போர்வையை இழுத்து இழுத்து விடுகிறார், கால் சில்லிட்டிருக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் செவிலியரின் கவலையைப் பகுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டபோது, அதற்குள் இத்தகைய அடையாளங்களையே கண்டார்கள்: மூச்சில் மாற்றம், மனநிலையில் மாற்றம், படபடப்பு, எதிர்பார்த்தபடி தேறாமை, 'எனக்கு என்னமோ பண்ணுது' என்று நோயாளியே சொல்வது. சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் 1990-இல் தொடங்கிய அவசர மருத்துவக் குழு முறையில், ஊழியர் கவலைப்படுகிறார் என்பதே குழுவை அழைக்கப் போதுமான காரணமாக ஏற்கப்பட்டது. அங்கே நடைமுறையானது இங்கே முடியாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

செவிலியரின் சொல் ஏன் எடுபடுவதில்லை? பெண்ணின் சொல், சம்பளம் குறைந்தவரின் சொல் என்பது ஒரு காரணம். பேசுபவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் நம்பகத்தைக் குறைப்பது அறிவு சார்ந்த அநீதி என்று பிரிட்டிஷ் தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007-இல் எழுதினார். எங்கள் மண்ணில் அதற்கு இன்னொரு வேரும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. மலம், ரத்தம், சீழ், பிரசவத் தீட்டு இவற்றைத் தொடும் கையைச் சாதி தாழ்த்தி வைத்தது. ஊர்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளில் பலர் நாவிதர் சமூகப் பெண்கள். பிள்ளை திரும்பியிருப்பதை வயிற்றைத் தடவியே சொன்ன அவர்களுடைய திறமையை ஊர் பயன்படுத்திக்கொண்டது, மதிக்கவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிய பிறகும், பல குடும்பங்கள் தங்கள் பெண்களை நெடுங்காலம் இந்தத் தொழிலுக்கு அனுப்பத் தயங்கின. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946-இல் பட்டப்படிப்பே வந்துவிட்டது. ஆனாலும் தொட்டு அறிவது கீழ், எழுதி அறிவது மேல் என்ற பழைய எண்ணம் வெள்ளைக் கோட்டுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை நாங்கள் ஏற்கவில்லை.

வீட்டு அறிவின் பக்கம் முழுதாகச் சாய்கிறோமா என்றால், இல்லை. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க வேண்டும் என்று பாட்டி தேன் குப்பியோடு பிரசவ வார்டுக்கு வருகிறார். யார் கையால் சேனை தொட்டு வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. தேனில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்கு ஆபத்தான நச்சை உண்டாக்க வல்லது. ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை வேறெதுவும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை, தேன் கூடாது. ஆனால் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு "அறிவில்லையா?" என்று கத்தினால், மறைவாக வைத்துவிடுவார்கள். நன்கு தேர்ந்த செவிலியர், "பாட்டி, உங்க குணம்தானே வரணும்? நீங்களே பிள்ளையைத் தூக்கி அம்மா மார்புல வைங்க, முதல் சீம்பால் உங்க கையால போகட்டும்" என்பார். பாட்டியின் மனம் குளிரும், தேன் பையிலேயே கிடக்கும். இதில் ஆய்வறிவும் இருக்கிறது, அறமும் இருக்கிறது, பாட்டி விரும்புவது எதை என்ற புரிதலும் இருக்கிறது. கார்பர் நான்காகப் பிரித்தது படிப்பதற்கு வசதிக்காக. வேலையில் அவை ஒன்றாகவே வருகின்றன.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒன்றையும் பதிவு செய்கிறோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ்ஸில் விரல் நசுங்கி வரும் இளைஞருக்குத் தையல் போட்டு, "தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங்" என்று எழுதிக் கொடுக்கிறோம். அவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர். ஓர் அறையில் பத்துப் பேர். கட்டு மாற்ற வந்தால் அன்றைய கூலி இல்லை. இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்பதே தெரியவில்லை. புண் சீழ் பிடித்து அவர் திரும்பி வரும்போது 'சொன்னபடி கேட்காத நோயாளி' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது தவறு. எங்கே தூங்குகிறீர்கள், எந்த ஷிஃப்ட், யார் சமைக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்பது மருத்துவத் தகவலைச் சேகரிப்பதுதான். ஜில் ஒயிட் ஐந்தாவதாகச் சேர்த்ததன் பொருள் எங்களுக்கு இங்கே விளங்குகிறது.

ஆகவே மருத்துவமனை நிர்வாகங்களிடமும் செவிலியர் கல்லூரிகளிடமும் தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்திடமும் கேட்கிறோம். வைட்டல்ஸ் தாளில் 'செவிலியரின் கவலை' என்று ஒரு கட்டம் சேருங்கள். காரணத்தைச் சில சொற்களில் எழுதச் செய்யுங்கள். அது குறிக்கப்பட்டால், எண்கள் எப்படி இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் மருத்துவர் நோயாளியை நேரில் பார்க்க வேண்டும் என்று விதி வையுங்கள். மாதம் ஒருமுறை அந்தக் கட்டங்களை எடுத்து, கவலை எத்தனை முறை சரியானது, எத்தனை முறை வீணானது என்று எல்லோர் முன்னிலையிலும் பாருங்கள். நாங்கள் தவறிய இடங்களைக் காட்டுங்கள். அப்படிப் பார்த்தால்தான் உள்ளுணர்வு அறிவாகத் தேறும். அழைத்தது வீணாகிவிட்டது என்பதற்காக எந்தச் செவிலியருக்கும் மெமோ கொடுக்காதீர்கள்.

நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் எழுத அனுமதியுங்கள். வியர்வையோடு வந்த சர்க்கரை நோயாளி "வாயு பிடிச்சிருக்கு சிஸ்டர்" என்று சொன்னால், அது ஆங்கிலத்தில் வெறும் வயிற்று உபாதையாகப் பதிவாகிவிடக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டியவர் அவர். கணினிப் பதிவு வந்த இடங்களில் தேர்வுப் பட்டியலோடு நிறுத்தாமல், எழுதுவதற்கு வெற்றிடமும் விடுங்கள். டியூட்டி மாறும்போது ஹேண்டோவரைக் கட்டில் பக்கத்திலேயே நடத்த நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாக, இந்த அறிவைச் சுமப்பவர்களை இங்கேயே இருக்க விடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவைத் தொடர்ந்து அமைந்த மத்தியக் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதற்கும் கீழே வாங்கும் செவிலியர்கள் இன்றும் எங்களிடையே இருக்கிறார்கள். ஐந்து வருடத்தில் கை தேர்ந்ததும் அவர்கள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் தேர்வு எழுதுகிறார்கள். அந்தப் பரிந்துரையை எங்கள் வட்டாரத்தின் ஒவ்வொரு மருத்துவமனையும் இந்த நிதியாண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும்.